போஸ்டரைக் கொஞ்சம் நிறுத்தி வை

அன்புள்ள மாலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டு மாதமாக எழுதாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள், இப்போது அவசரம்.

உன் மாணவி அடுத்த மாத மாநாட்டில் அந்த என்சைம் ஆராய்ச்சியைப் போஸ்டராக ஒட்டிக் காட்டப்போகிறாளாமே, உன் தம்பி சொன்னான். காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்றா? இல்லையென்றால் தயவுசெய்து நிறுத்து. நான் பட்டது போதும். பழைய கல்லூரியில் இருந்தபோது நாங்களும் ஆசையாகப் போஸ்டர் வைத்தோம். மூன்று மாதம் கழித்து வக்கீலிடம் போனால், "எங்கேயாவது காட்டினீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. மாநாட்டு மலரை நீட்டினேன். எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "ஐரோப்பாவை மறந்துவிடுங்கள், வெளியே காட்டிவிட்டதற்கு அங்கே காப்புரிமை தரமாட்டார்கள்" என்றார். முன்கூட்டியே சொல்ல எங்கள் கல்லூரியில் ஓர் ஆள் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆள் இருந்தார். அங்கிருந்த கோஹனும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாயரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். காப்புரிமை எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்திலிருந்த ரைமர்ஸ் செய்தித்தாளில் படித்துவிட்டுத்தான் ஓடிவந்தார். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு என்பதால் அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1974 நவம்பர் 4 அன்று, மனுப் போட்டார்கள். வெளிநாட்டு உரிமை போனது போனதுதான். அப்படியும் 468 நிறுவனங்கள் உரிமம் வாங்கின, 1997இல் காலாவதியாவதற்குள் சுமார் 255 மில்லியன் டாலர் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு: யாருக்கும் ஏகபோக உரிமை தரவில்லை, ஆண்டுக்கு 10,000 டாலரும் விற்பனையில் ஒரு சிறு பங்கும் கட்டி எந்த நிறுவனமும் பயன்படுத்த முடிந்தது. பாயர் 1976இல் ஸ்வான்சன் என்ற முதலீட்டாளரோடு சேர்ந்து ஜெனன்டெக் என்ற மரபணுத் தொழில்நுட்ப நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்!

நம் ஊரில் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்துக்கு, தனி ஆளுக்கும் கல்லூரிக்கும், ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. போட்ட மறுநாளே போஸ்டர் ஒட்டட்டும். அப்புறம், கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதே. புது நிறுவனம் தொடங்க, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப அமைப்பான பைராக்கின் 'பிக்' மானியம் 50 லட்சம் வரை உண்டு. முனைவர் பட்டம் வாங்கிக் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை, மாலா. இவளாவது சொந்தமாக ஒன்று தொடங்கட்டும்.

சனிக்கிழமை வருகிறேன். தேதி போட்ட லேப் நோட்டோடு அவளையும் வரச் சொல். அந்த ஏழாம் நம்பர் ஃப்ரிட்ஜைப் பூட்டினாயா?

உன்,
சாந்தி