செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை தபாலில் போகும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த ஆண்டு நம் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் மாதாந்தரக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. பொங்கல் சந்திப்பு நடந்தது. பிலடெல்பியா நாணயச்சாலையைப் பார்த்துவந்தோம்.

ஆரம்பகால அமெரிக்க வெள்ளி நாணயங்களை இனங்காணும் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று செயற்குழுவில் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாளே ஓர் உறுப்பினர் 1804 என்று ஆண்டு பொறித்த வெள்ளி டாலர் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய பொருள் சந்தையில் நாற்பது டாலருக்கு வாங்கினாராம். உலகில் அறியப்பட்டவை இருபதைக்கூட எட்டாது, அவையும் 1804-ல் அடிக்கப்பட்டவை அல்ல, 1834 வாக்கிலும் அதற்குப் பிறகும் அடித்தவை என்றேன். அவர் நம்பவில்லை. தராசில் வைத்தோம். 26.96 கிராம் இருக்க வேண்டியது 20-ஐக்கூடத் தொடவில்லை. விளிம்பில் 'ஹன்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்ற எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பல்வரிசை. அன்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு வருவதில்லை.

இன்னொருவரின் 1827 அரை டாலர் அசல். எடை சரி, விளிம்பெழுத்தும் சரி. ஆனால் நமக்குக் காட்டுவதற்காகப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்! பாதி விலை அங்கேயே போயிற்று. கறுத்த வெள்ளியைக் கறுப்பாகவே விடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 1790-களின் நாணயங்களில் தெரியும் இணைகோடுகளைக் கண்டு கீறல் என்று ஒதுக்கவும் வேண்டாம். எடை கூடிப்போன, இன்னும் முத்திரை அடிக்காத வெள்ளி வட்டை நாணயச்சாலையிலேயே அரத்தால் ராவிக் குறைத்த தடம் அது.

அந்தத் தராசு என் சொந்தக் காசில் வாங்கியது. தீர்மானம் இல்லாமல் வாங்கியதைத் திருப்பித் தர முடியாது என்று பொருளாளர் எழுதிவிட்டார். சரி, இருக்கட்டும். இங்கே பதிவு மட்டும் செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம், விவரம் பொருளாளரிடம். இருபத்தாறு பேரில் பதினோரு பேர் சந்தா கட்டவில்லை. அவர்களில் நால்வர் வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்து, தேநீரும் குடித்துவிட்டுப் போனார்கள். பெயர் சொல்லவில்லை.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர் போட்டவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வகுப்பில் மாசசூசெட்ஸின் பைன் மர ஷில்லிங், அதாவது பைன் மரம் பொறித்த குடியேற்றக் கால வெள்ளி நாணயம். எதை எடுத்தாலும் 1652 என்றே போட்டிருக்கும், ஆனால் 1682 வரை அடித்தார்கள். அதைப் பிரித்தறிய நல்ல உருப்பெருக்கி ஒன்று வேண்டும். இம்முறை என் காசில் வாங்குவதாக இல்லை. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்