ரிவிட் அடித்தவர் ஜேக்கப் டேவிஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க உடைகள் மாறிவந்த கதையை எழுதியிருந்தீர்கள். பெல்பாட்டம், 80களில் கல்லோடு போட்டுத் துவைத்து வெளுக்கவைத்த ஜீன்ஸ் என்று ரசித்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஆனால் 'ஜீன்ஸைக் கண்டுபிடித்தவர் லீவை ஸ்ட்ராஸ்' என்ற வரியில் மனம் நின்றுவிட்டது. முப்பது வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவன் நான்.

ஸ்ட்ராஸ், சான் பிரான்சிஸ்கோவில் மொத்த ஜவுளி வியாபாரி. ஜீன்ஸின் அடையாளமான ரிவிட்டை, அதாவது துணி பிரியாமல் பிடித்துக்கொள்கிற சின்ன உலோக ஆணியை, கால்சட்டையில் முதலில் அடித்தவர், நெவாடா மாநிலம் ரீனோவில் சின்னதாகக் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர். இன்றைய லாட்வியாவிலுள்ள ரீகா நகரில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். விறகு வெட்டும் ஒருவரின் மனைவி வந்து, கணவருக்குச் சட்டென்று கிழியாத கால்சட்டை தைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். கூலி 3 டாலர். எவ்வளவு அழுத்தித் தைத்தாலும் கனத்த வேலை செய்கிறவர்களுக்குப் பாக்கெட் முனைதான் முதலில் பிரியும், தைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். குதிரைப் போர்வைகளில் வாரைப் பொருத்த வைத்திருந்த செம்பு ரிவிட்டை எடுத்து அந்த முனைகளில் அடித்துவிட்டார் டேவிஸ். அப்புறம் ஒவ்வொருவராக அதே மாதிரி கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

ஸ்ட்ராஸின் நிறுவனத்தில்தான் அவர் துணி வாங்கிவந்தார். அதனால் 1872-இல் அவர்களுக்கே கடிதம் எழுதினார்: காப்புரிமைச் செலவு 68 டாலரை நீங்கள் போடுங்கள், உரிமையில் பங்கு தருகிறேன் என்று. 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. உரிமை இருதரப்புக்கும் பொது. ஆனால் கண்டுபிடித்தவர் என்று அந்தப் பத்திரத்தில் இருப்பது டேவிஸின் பெயர் மட்டும்தான். ஸ்ட்ராஸ் அவரை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வரவழைத்து, தயாரிப்பைக் கவனிக்கும் பொறுப்பையும் கொடுத்தார்.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயிற்று. பின் பாக்கெட் ரிவிட் குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகிறது என்று புகார் வந்ததால், 1937-இல் அதைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள். 60களில் அதையும் எடுத்துவிட்டு நெருக்கமான பார்டாக் தையல் போட்டார்கள். முன் பாக்கெட் ரிவிட் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்று என் கடைக்குக் காலைப் பிடித்துத் தைக்க வருகிற ஜீன்ஸ் எதை எடுத்தாலும், முன் பாக்கெட் முனையில் அந்தப் பொட்டு இருக்கிறது. டேவிஸ் அடித்த அதே இடம்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தமாகவாவது அவர் பெயரைப் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தையற்கடை வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்