கிணற்றுப் படத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

செம்புத் தகட்டில் அரித்து அச்செடுத்த கிணற்றுப் படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. மொத்தம் 12 அச்சுப் படிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் கையெழுத்துப் போடும்போது என் பெயர் மட்டும் இருப்பது உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

முதலில், இந்தப் படம் பிறந்த கவிதையை எழுதிய தோழிக்கு. வற்றிய கிணறு, கல் விளிம்பில் கயிறு அறுத்த தடம், அவ்வளவுதான் கவிதை. நானோ கிணற்றை வரைந்து மேலே ஒரு நிலாவையும் வைத்தேன். "கவிதையில் நிலா இல்லையே" என்று நீ கேட்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, வரைய வேண்டியது அந்தத் தடத்தை என்று. கயிறு கல்லை அறுத்த மாதிரியே செம்பையும் மெதுவாக அரிக்கவிடலாமே!

பட்டறை அண்ணனுக்கு என்ன சொல்வது? மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறிய தகட்டை செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் கவிழ்த்துப் போடச் சொன்னீர்கள். நிமிர்த்திப் போட்டால் கசடு கோட்டுக்குள் தங்கி அரிப்பைத் தடுத்துவிடுமாம். மெல்லிய கோடுகளை மேலும் அரிக்காதபடி 10 நிமிடத்தில் வார்னிஷ் பூசி அடைத்தோம். கயிற்றுத் தடம் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஊறியது. பாதியிலேயே எடுக்கப் போன என்னை, "கோட்டில் நகம் மாட்டணும், அதுவரைக்கும் விடு" என்று தடுத்ததற்குத் தனி நன்றி.

கிணற்றின் உட்புற இருட்டுக்கு ரோசின் பொடி தூவி, சூடாக்கி, அக்வாடிண்ட் (கோடில்லாமல் நிழல் பரப்பு தரும் அரிப்பு முறை) செய்தபோது சொதப்பியது நான்தான். தகட்டைக் கரைசலில் விட்டு, போனில் பேசிக்கொண்டே நேரத்தை மறந்துவிட்டேன். அச்செடுத்தால் ஒரே கரி. அக்கா, நீங்கள் திட்டவில்லை. தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் பர்னிஷரைக் கையில் கொடுத்து, "அடியில் தேய்" என்றீர்கள். மூன்று மாலை தேய்த்தேன். சொரசொரப்பு மழுங்க மழுங்க மை குறைவாகப் பிடித்து, கிணற்றடியில் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்தது. அதுவும் கவிதையில் கிடையாது. ஆனால் இந்த முறை தோழி ஒன்றும் சொல்லவில்லை.

காகிதத்தை ஊறவைத்து, ஒற்றியெடுத்து, ஒவ்வொரு படிக்கும் சளைக்காமல் பிரெஸ் சக்கரம் சுற்றிய தம்பிக்கும் நன்றி. உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு படி எடுத்து வைத்திருக்கிறேன்.

தகட்டின் மூலையில் ஆசையாகப் பொறித்த என் முதலெழுத்து இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. நால்வரில் ஒருவர்கூட முன்பே சொல்லவில்லை. அதற்கு மட்டும் நன்றி கிடையாது.

அன்புடன்,
கிணற்றுக்காரி