கல்லு வெளுத்தத எங்கம்மா முதல்லயே பாத்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவ எப்படி கண்காணிக்கிறாங்கன்னு நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அந்தத் தண்ணில முங்கி எந்திரிக்கிற பொம்பளைங்கள பத்தி ஒரு வரி கூட இல்லைங்க, அதான் எழுதுறேன்.

எங்கம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்குறவங்க. விரல்ல துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவாங்க. 2016 பங்குனி கடைசில ஒருநாள் ஈரச்சேலையோட வந்து உக்காந்து, "கல்லு பூரா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்குடி, தண்ணியும் சுடுது"ன்னாங்க. கல்லுன்னு நாங்க சொல்றது பவளப்பாறைய. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம், அப்ப 45 நாள். அது முடிஞ்சு போனப்ப அதே கல்லு மேல பழுப்பா பாசி மூடிக் கிடந்துச்சாம்.

வெளுத்துட்டா செத்துருச்சுன்னு இல்லைங்க. பவளத்துக்குள்ள இருந்துக்கிட்டு அதுக்கு சாப்பாடு குடுக்குற நுண்பாசி சூடு தாங்காம வெளிய போயிருது, தண்ணி சீக்கிரம் ஆறுனா திரும்ப வரும், ஆறலைன்னா சில வாரத்துல செத்துப்போகும். ஆராய்ச்சிக்காரங்க வருஷத்துக்கு ஒருக்கா கடலடில டேப் விரிச்சு அளந்தா உசுரோட எவ்வளவு, செத்தது எவ்வளவுன்னு தெரியும், எந்த வாரம் எந்த இடத்துல ஆரம்பிச்சுதுன்னு எப்படித் தெரியும்?

அளக்க வேணாம்னு சொல்லல, கண்டிப்பா அளக்கணும். முன்னாடி வள்ளம் வள்ளமா கடல் கல்லு வெட்டி சுண்ணாம்பு காளவாசலுக்கு ஏத்துனதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிருச்சு. குருசடை தீவு பக்கம், வளக்குறதுக்காக வெளிநாட்டுலருந்து கொண்டாந்த கப்பாபைகஸ்ங்கிற கடல்பாசி பவளத்து மேல போர்வை மாதிரி படர்ந்தது இன்னொரு கொடுமை. முங்குன ரெண்டையும் சேத்து பூங்காவுல 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர், எத்தனை ஆராய்ச்சிக்காரங்க எத்தனை நாள் முங்கிப் பாக்க முடியும்?

கல்லு வெளுத்தத பாத்தவங்க உடனே சொல்றதுக்கு ஊருக்கு ஒரு போன் நம்பர் குடுங்க. தேதி, இடம், ஒரு போட்டோ, அது போதும், மிச்சத்த படிச்சவங்க வந்து சரிபாக்கட்டும். அளந்து முடிச்சா அந்தக் கணக்க தமிழ்ல எழுதி மீன் ஏலம் போடுற இடத்துல ஒட்டுங்க.

ஒண்ணு மட்டும் அரசாங்கத்துக்கு எட்டுற மாதிரி போடுங்க சார். எங்கம்மா அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லாததுக்குக் காரணமே "நீ ஏன் பூங்காவுக்குள்ள போன"ன்னு கேட்டு கேஸ் போட்டுருவாங்களோன்னு பயந்ததுதான். பாத்தத வந்து சொல்றவங்க மேல கேஸ் இல்லைன்னு முதல்ல எழுத்துல குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாம்பன்