பக்கத்து வீட்டுக் கத்திக்காரம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைக்கார அண்ணாச்சியின் மகள் ஊரிலிருந்து வந்த கையோடு கொண்டுவந்து கொடுத்தாள், கூடவே நீ அனுப்பிய மாசிச் சம்பலும். போத்தல் மூடி கசிந்து அவளுடைய கம்பளிச் சட்டையெல்லாம் மாசி வாசம். துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் துவைக்க மனம் வரவில்லை.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டதும் தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவை அழ வேண்டாமென்று சொல். நான் அனுப்பிய போட்டோவில் எனக்குப் பின்னால் நின்ற நரைத்த தலைக்காரம்மாவின் கையில் கத்தி இருந்தது உண்மைதான். அவர் விக்கா மதத்துக்காரர், அதாவது இயற்கையைக் கும்பிட்டு மந்திரச் சடங்கு செய்கிறவர் என்பதும் உண்மை. அதற்காக 'பிள்ளையை சூனியக்காரி பிடித்துக்கொண்டாள்' என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிய வேண்டுமா? சரி, முடிந்தது இருக்கட்டும். இப்போது அவிழ்த்தால் அதற்கும் ஒரு பயம் வந்துவிடும்.

அவர் தபால் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வாரம் ஒரு தடவை சூப் கொண்டுவந்து தருவார். உப்பே இருக்காது. நான் மிளகாய்த்தூள் போட்டுக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது அவரும் கொஞ்சம் போட்டுக்கொண்டு இருமுகிறார்.

இந்த மதத்தின் கதையைக் கேட்டால் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரும். இதை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற வெள்ளைக்காரர். 1900இல் சிலோனுக்கு வந்து, நம்ம மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தொழில் பழகியவர்! அப்புறம் போர்னியோ, மலாயா என்று போயிருக்கிறார். மலாயாவின் கிரிஸ் கத்திகள்மேல் அவ்வளவு பைத்தியமாம், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு குடிவந்தது இங்கிலாந்தில் நான் இருக்கிற இந்த ஹைகிளிஃபுக்குத்தான். 1939இல் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பக்கத்து ரகசியக் கூட்டம் ஒன்று தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று பின்னால் சொன்னார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்தை 1951இல்தான் எடுத்தார்களாம், அதற்கப்புறம்தான் வெளிப்படையாக எழுதினார். நம்ம பூட்டன் கொழுந்து நிறுக்கும்போது அவர் பக்கத்து மலையில் நின்றிருப்பார் என்று இந்த அம்மாவிடம் சொன்னேன். தராசில் ராத்தல் வெட்டுகிற கதையையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஃபாக்டரியைக் காக்கிற சாமி ரோதைமுனியைப் பற்றிச் சொன்னபோதுதான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

கத்திக்கு அத்தமே என்று பெயர். கறுப்புப் பிடி, இரண்டு பக்கமும் கூர். ஆனால் அதால் எதையும் வெட்டக்கூடாது, சடங்குக்கு வட்டம் போட மட்டும்தான். மூலிகை அறுக்க வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக இருக்கிறது. அம்மா கவ்வாத்துக் கத்தியை யாரையும் தாண்ட விடமாட்டாரே, அதே மரியாதைதான். கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டி, கத்தி முனையை நெஞ்சில் வைத்து, பயத்தோடு உள்ளே வருவதைவிட இதன்மேல் பாய்வது மேல் என்பார்களாம். இவருக்கு அன்றைக்கு முழங்கால் ஆடிவிட்டதாம், இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

இளமையில் ஆள் பெரிய கோபக்காரி. சொந்தத் தம்பியின் கார்க் கண்ணாடியை உடைத்தவர். அந்தக் கோபத்தை அடக்கத்தான் 'வீரர் வழி' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வான்கூவரில் போலீஸாக இருந்த கெர் குகுலைன் என்பவர் விக்காவில் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். யாரோடு சண்டை என்று கேட்டேன். "காலை அஞ்சு மணிக்கு எழும்ப மாட்டேன் என்கிறாளே, அவளோடு" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். யாருக்கும் கெடுதல் செய்யாதே, அப்புறம் உன் விருப்பம் என்பதுதான் அவர்களுடைய சட்டம். கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் நாக்கால் செய்கிற கெடுதலையும் அவர் கணக்கில் சேர்க்கிறார், அங்கேதான் எனக்குக் கஷ்டம். டோரீன் வாலியன்டே என்ற அம்மா எழுதிய மந்திரத்தில் எட்டுக் குணம் ஜோடி ஜோடியாக வருகிறது: அழகும் பலமும், அதிகாரமும் இரக்கமும், மானமும் பணிவும், சிரிப்பும் பக்தியும். சாமி காரியத்தில் சிரிப்பையும் சேர்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூட்டுவலியோடு பனியில் மணிக்கணக்காக நிற்பதை வீரம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடமும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் வேலை செய்கிற இடத்தில் ஒரு தாத்தாவின் மகன் எல்லோர் முன்னாலும் என்னைக் கத்தினான். பக்கத்து வீட்டம்மா சொல்லிக்கொடுத்தபடி கால் பெருவிரலைத் தரையில் அழுத்தி ஊன்றினேன். மூச்சைக் கீழே இறக்கி, உள்ளே இருப்பது கோபமா பயமா என்று பார்த்தேன். பயம்தான், வேலை போய்விடுமோ என்று. பிறகு அந்த ஆளுக்கு நிதானமாகப் பதில் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. வேலைக்கு ஆபத்து ஒன்றுமில்லை அக்கா, பேச்சுக்குச் சொன்னேன். இந்த மாதம் ஷிஃப்ட் கொஞ்சம் குறைவு, நல்ல ஓய்வு. ஹீட்டர் போட்டால் தோல் வறண்டுவிடுகிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் சரியாகிவிடுகிறது.

மார்கழிப் பௌர்ணமிக்கு அந்த அம்மா தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். போய் ஓரமாக நின்றேன். அவர் கத்தியால் வட்டம் போட்டு, முடிந்ததும் கேக்கை உடைத்துத் தந்தார். நிலா நன்றாகத்தான் இருந்தது. நம்ம ஊரில் அன்றைக்கு உந்துவப் போயா, பௌர்ணமித் திருநாள் என்று ஞாபகம் வந்துவிட்டது. சிவனொளிபாதமலையில் லைட் போட்டிருப்பார்கள், நம்ம வாசலில் நின்றால் உச்சி வரைக்கும் சரம் தெரியும், நீ பாப்பாவை இடுப்பில் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பாய். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு உள்ளே போய் கேத்தலை வைத்தார். அவர் போடுகிற தேத்தண்ணீரை நீ குடிக்க மாட்டாய். பையை இரண்டு முக்கு முக்கி எடுத்துவிடுவார்.

அம்மாவிடம் இதைப் படிக்கும்போது அழுததை விட்டுவிட்டுப் படி.

இப்போது வீட்டு விஷயம். அம்மாவின் ஈ.பி.எஃப். பணம் வந்ததும் பெரியப்பா கடன் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். கொடுக்க வேண்டாம். அவர் முகத்துக்கு நேரே உன்னால் இல்லை என்று சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். பணத்தை அம்மா பெயரில் நிலையான வைப்பில் போட்டாயிற்று, இப்போது எடுக்க முடியாது என்று மச்சானையே சொல்லச் சொல். முதலில் உண்மையிலேயே போட்டுவிடு. தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகக்கூடாது, ஏ.எல். பரீட்சை எழுதி முடிக்கட்டும். அவனுடைய டியூஷன் காசு மாசம் பிறந்ததும் வரும், கொஞ்சம் பிந்தினாலும் வரும், அவனிடம் பிந்துவதைச் சொல்லாதே. அந்த ஏழு பேர்ச் காணியின் பத்திரத்தில் அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார். பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, விரல் மறைக்காமல்.

உன் தங்கச்சி