நுளம்பு வலைக்குள்ளும் நுழையும் ஈ

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கணவரின் முழங்கைக்குக் கீழே வந்த பருவை எறும்புக்கடி என்று நினைத்து ஐந்து மாதம் மஞ்சள் பூசினோம். நோவில்லை, அரிப்பில்லை, ஆறவும் இல்லை. மணல் ஈ பரப்பும் லீஷ்மானியாசிஸ் என்ற தோல் நோயாம். இப்போது புண்ணிலேயே ஊசி போடுகிறார்கள்.

மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஈ அது. சத்தமின்றித் தத்தித் தத்திப் பறக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடும். தண்ணீரில் முட்டையிடாது. மாட்டுக்கொட்டில் ஈரமண்ணும் சாணமும் சுவர் வெடிப்பும் போதும். டெங்கு நுளம்பைத் தேடிச் சிரட்டையையும் டயரையும் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் எங்கள் கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை (பார்த்திருந்தால் எனக்குத்தான் வெட்கம்).

2008 முதல் இலங்கையில் இது சுகாதாரத் துறைக்கு வைத்தியர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். டெங்குவைப் போல இதற்கும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் தரக்கூடாதா?

ஒரு வாசகி,
வவுனியா