திட்டம் வரையும் முன்பே குடியிருப்பாளர்களை அழையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களிடம் கருத்துக் கேட்கும் பழக்கம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1985இல் அமைக்கப்பட்ட மக்கள் கருத்தறியும் பிரிவு 2006இல் ‘ரீச்’ என்று பெயர் மாறியது. 2012இல் ‘நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்’ தொடங்கியது. 2022 ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டு அக்டோபரில் அறிக்கையுடன் நிறைவுபெற்ற ‘முன்னேறும் சிங்கப்பூர்’ இயக்கத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கருத்துக் கேட்பது வேறு, கூடி முடிவெடுப்பது வேறு. நம் பேட்டைகளில் அன்றாடம் நடப்பவற்றைப் பார்க்கும்போது, முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நாம் நிறைவடைந்துவிடுகிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

கூட்டு முடிவெடுத்தல் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, கிரிஸ் ஆன்சல், ஆலிசன் காஷ் ஆகியோர் பல நாடுகளின் 137 நிகழ்வுகளை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட கட்டுரையாகும். அரசு அமைப்பே அழைப்பு விடுக்க வேண்டும், அரசு சாராதோரும் அவையில் இருக்க வேண்டும், அவர்கள் யோசனை சொல்வதோடு நின்றுவிடாமல் முடிவெடுப்பதிலேயே பங்குகொள்ள வேண்டும், ஒருமித்த கருத்தை எட்டுவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்பவை அவர்கள் வகுத்த இலக்கணத்தில் முக்கியமானவை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களின் இன்னொரு முடிவு: பங்கேற்போரிடையே அதிகாரம், தகவல், நேரம், பேச்சுத்திறன் ஆகியவற்றில் ஏற்றத்தாழ்வு இருக்குமானால், நலிந்த தரப்புக்குக் கைகொடுக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவரை, எத்தனை நல்லெண்ணத்தோடு கூட்டம் கூட்டினாலும் வலுவுள்ளவர்களின் விருப்பமே முடிவாகிவிடும்.

இத்தகைய கூட்டு முயற்சி நம் நாட்டில் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குக் குறுக்குத் தீவு ரயில் பாதை ஒரு சான்று. அப்பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியின் அடியில் செல்லக்கூடும் என்று 2013இல் தெரியவந்தபோது, வனத்தைச் சுற்றிச் செல்லும் மாற்றுப் பாதையை இயற்கை ஆர்வலர்கள் முன்வைத்தார்கள். அதிகாரிகள் அவர்களுடன் பலமுறை அமர்ந்து பேசினார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. வனத்துக்குள் மண் ஆய்வுக்காகத் தோண்டத் திட்டமிட்டிருந்த 72 துளைகள் 16ஆகக் குறைக்கப்பட்டன. 2019 டிசம்பரில் வனத்தின் அடியில் செல்லும் நேர்ப்பாதையே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆர்வலர்கள் கேட்டது கிடைக்கவில்லைதான். ஆயினும், சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும், பயணம் 6 நிமிடம் நீளும், நேர்ப்பாதையின் சுரங்கமோ வனத்துக்குச் சுமார் 70 மீட்டர் ஆழத்தில்தான் செல்லும் என்று காரணங்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. தம் யோசனை எடைபோடப்பட்ட பிறகே தள்ளப்பட்டது என்று ஒருவர் அறிவதற்கும், அது எங்கே போயிற்று என்றே அறியாமல் இருப்பதற்கும் எவ்வளவோ வேறுபாடு உண்டு.

அங்கே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் வரைபடம் வரையவும் வல்ல அமைப்புகள் இருந்தன. புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தோருக்கு யார் இருக்கிறார்கள்? பழைய அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்குப் புளோக்கில் வாக்களிக்கத் தகுதிபெற்ற குடும்பங்களில் 75 விழுக்காட்டின் ஒப்புதல் தேவை. இது நல்ல பாதுகாப்பு. இருப்பினும் வாக்குச்சீட்டு, ஏற்கெனவே வகுத்த திட்டத்துக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லத்தான் இடம் தருகிறது. அக்கம்பக்கத்தைச் சீரமைக்கும் பணிகளிலும் இதே நிலையை நான் கண்டிருக்கிறேன். வரைபடப் பலகைகள் வைக்கப்படும். எந்த வண்ணம், எந்த விளையாட்டுச் சாதனம் என்று கேட்கப்படும். சந்தைக்குச் செல்லும் வழியில் கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று ஒரு பாட்டி தமிழில் சொன்னால், படிவத்தில் அதற்குரிய கட்டம் இருக்காது. அவருடைய சொல்லைக் குறித்துக்கொள்ளும் தொண்டூழியர் பக்கத்தில் இருந்தால் அது அவருடைய நல்வாய்ப்பு. அறிவிப்பு நான்கு மொழிகளில் வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று முதன்முதலில் பேசும் கூட்டம் பெரும்பாலும் ஒரே மொழியில்தான் நடக்கிறது. அந்த முதல் கூட்டத்தில்தான் முடிவின் பெரும்பகுதி அமைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்க இயலாது என்பார்கள். உண்மைதான். நோய்த்தொற்று பரவும் வேளையில் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் விளையாட்டுத் திடலுக்கும் நடைபாதைக்கும் அத்தகைய அவசரம் இல்லை. கடினமான பொருள்களைச் சாதாரணக் குடிமக்களால் ஆராய முடியுமா என்று ஐயுறுவோருக்கும் விடை உண்டு: நீரிழிவை எதிர்கொள்வது பற்றி ஆராய 2017இன் பிற்பகுதியில் சுகாதார அமைச்சு கூட்டிய குடிமக்கள் குழுவில் இருந்த 76 பேர், நிபுணர்களைக் கேட்டறிந்து, தங்களுக்குள் விவாதித்து, தம் பரிந்துரைகளை எழுதியே அளித்தார்கள். போதிய தகவலும் நேரமும் கொடுத்தால் மக்கள் பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள்.

நகர மன்றங்களையும் அடித்தள அமைப்புகளையும் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. பேட்டையில் ஒரு பணியைத் தொடங்க எண்ணும்போது, வரைபடம் தயாராகும் முன்பே குடியிருப்பாளர்களை அழையுங்கள். அந்தக் கூட்டத்திலேயே தமிழ், மலாய், சீனம் பேசி விளக்கக்கூடியவர்கள் மேசைக்கு ஒருவராக இருக்கட்டும். தமிழாசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்றோரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் இதற்கு மகிழ்ச்சியுடன் முன்வருவார்கள் என்று நம்புகிறேன். பிறகு, என்னென்ன யோசனைகள் வந்தன, எவை ஏற்கப்பட்டன, எவை எந்தக் காரணத்தால் ஏற்கப்படவில்லை என்பதை ஒரே தாளில் நான்கு மொழிகளிலும் அச்சிட்டு, மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பணிக்கான ஏலக் குத்தகை கோரப்படும் முன்பே அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈசூன்